இரண்டு ப்ராசஸ், ஒரு பூட்டு: கெர்னலை எழுப்பாமல் ஒத்திசைப்பது எப்படி

கோயம்புத்தூரில், எடை போட்டு பாக்கெட் கட்டும் இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறேன். பெட்டிக்குள் லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் போர்டு இருக்கும். அதில் இரண்டு ப்ராசஸ்கள் முக்கியமானவை. ஒன்று எடை சென்சாரான லோட்செல்லிலிருந்து எடையைப் படித்து, வால்வை எந்தக் கணத்தில் மூடுவது என்று முடிவெடுக்கும். அதற்கு ‘எடை’ என்று பேர் வைத்திருக்கிறோம். மற்றது தொடுதிரையில் எண்களைக் காட்டும், ஆபரேட்டர் மாற்றும் செட்டிங்கை வாங்கிக்கொள்ளும், பதிவேடு எழுதும். அது ‘திரை’.

புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “எதுக்குங்க அக்கா ரெண்டு ப்ராசஸ்? ஒரே ப்ராசஸ்ல ரெண்டு த்ரெட் போட்டா ஆகாதுங்களா?” ஆகும். ஆனால் திரையின் நிரலில் எங்கோ ஒரு பாயின்டர் தப்பினால் எடையும் கூடவே சாகும். வால்வு திறந்தபடி நிற்கும், மிளகாய்த்தூள் தரையில் கொட்டும். தனித்தனி ப்ராசஸ் என்றால் திரை விழுந்தாலும் எடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டம்டி திரையை மறுபடி கிளப்பிவிடும்.

ஒன்று செத்தாலும் மற்றது ஓட வேண்டும் என்றுதான் பிரித்தோம். அப்படியானால் இரண்டுக்கும் நடுவே வைக்கும் பூட்டும் அதே விதிக்குக் கட்டுப்பட வேண்டும். வேகமான பூட்டு எழுத இணையத்தில் நூறு வழி கிடைக்கும். பூட்டைக் கையில் வைத்திருக்கும்போதே ஒரு ப்ராசஸ் செத்தால் என்ன செய்வது என்பதைத்தான் பெரும்பாலானவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். என் கணக்கில் டிசைன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் லினக்ஸுக்கு. சி மொழியும் ஷேர்டு மெமரியும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பூட்டு வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

எங்கள் பெட்டியில் இரண்டு ப்ராசஸும் பகிர்ந்துகொள்ளும் தகவலில் பெரும்பகுதிக்குப் பூட்டே கிடையாது.

இப்போதைய எடை மில்லிகிராமில் ஒரே ஒரு 32 பிட் எண். அதை அட்டாமிக் மாறியாக வைத்தால் முடிந்தது. படிப்பவருக்குப் பழைய எண் வரும், அல்லது புதிய எண் வரும். பாதிப் பாதியாகக் கலந்த எண் வராது.

முடிந்த பாக்கெட்டுகளின் விவரம் எடையிலிருந்து திரைக்கு ஒரு திசையில் மட்டும் போகிறது. எழுதுபவர் ஒருவர், படிப்பவர் ஒருவர். இதற்கு ஒரு வட்ட வரிசை போதும். தலை எண்ணை எழுதுபவர் மட்டும் மாற்றுவார், வால் எண்ணைப் படிப்பவர் மட்டும் மாற்றுவார். வரிசை காலியாக இருக்கும்போது திரை எப்படித் தூங்குவது என்ற கேள்விதான் மிச்சம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒருவர் எழுதிப் பலர் படிக்கும் சின்னக் கட்டமைப்புக்கு வரிசை எண் முறை உண்டு. எழுதத் தொடங்கும்போது எண்ணை ஒற்றைப்படையாக்கி, முடித்ததும் இரட்டைப்படையாக்க வேண்டும். படிப்பவர் முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்து, ஒத்து வராவிட்டால் மறுபடி படிப்பார். லினக்ஸ் கெர்னல் மணி சொல்வதே இந்த முறையில்தான். ஆனால் எழுதுபவர் நடுவில் செத்தால் எண் ஒற்றைப்படையிலேயே நின்றுவிடும், படிப்பவர் முடிவில்லாமல் சுற்றுவார். ஒற்றைக் கோர் போர்டில் சாவு கூட வேண்டாம்: படிப்பவருக்கு ரியல்டைம் முன்னுரிமை இருந்தால், எழுதுபவருக்கு எழுதி முடிக்க சிபியூவே கிடைக்காது. ப்ராசஸ்களுக்கு நடுவே இதைப் போடுவதானால் இத்தனை முறைக்கு மேல் முயலாதே என்று ஒரு வரம்பு வையுங்கள்.

இரு பக்கமும் எழுதும் இடம் எங்களிடம் ஒன்றே ஒன்று: செட்டிங் பட்டியல். குறி எடை, வால்வை எத்தனை மில்லிசெகண்ட் முன்னதாக மூடுவது, டேர் எடை எல்லாம் அதில் இருக்கும். ஆபரேட்டர் திரையிலிருந்து மாற்றுவார். எடை ப்ராசஸும் தானாகத் திருத்தும். இங்கேதான் உண்மையான பூட்டு வேண்டும்.

கெர்னலுக்குப் போகும் செலவு

பழைய சிஸ்டம் ஃபைவ் செமஃபோர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் போட்டிக்கு ஆளே இல்லாதபோதும் ஒவ்வொரு பூட்டலுக்கும் திறப்புக்கும் ஒரு சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) செய்யும். ஃபைல் லாக்கும் அப்படியே. எங்கள் செட்டிங் பட்டியலை எடை ப்ராசஸ் ஒவ்வொரு சாம்பிளுக்கும் எட்டிப் பார்க்கிறது. திரை தொடுவதோ ஷிஃப்ட்டுக்குச் சில முறைதான். யாருமே போட்டியிடாத பூட்டுக்காக ஒவ்வொரு சாம்பிளுக்கும் கெர்னலுக்குள் போய் வருவது வீண் நடை.

அட்டாமிக் கட்டளை ஒன்று, போட்டி இல்லாதபோது, சில பத்து நானோசெகண்டுக்குள் முடியும். தூங்கப் போட்டு எழுப்புவது மைக்ரோசெகண்ட் கணக்கு. பூட்டு காலியாக இருந்தால் கெர்னலுக்குத் தெரியவே வேண்டாம், காத்திருக்க நேர்ந்தால் மட்டும் அதனிடம் போகலாம். இலகுவான ஒத்திசைவு என்றால் இவ்வளவுதான்.

“அப்போ தூங்கவே வேண்டாமே, காலியாகற வரைக்கும் ஒரு வொயில் லூப்ல சுத்தினா போதாதுங்களா?” என்பது அடுத்த கேள்வி. எங்கள் பழைய போர்டில் கார்டெக்ஸ் ஏ8, ஒரே கோர். அங்கே நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் வரை பூட்டை வைத்திருப்பவர் ஓடவே முடியாது. யாருக்காகக் காத்திருக்கிறீர்களோ அவரையே தடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான்கு கோர் உள்ள ஏ53 போர்டில் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தூங்குவதில் பயன் இருக்கலாம். அதையும் அளந்து பார்த்துவிட்டுச் சேருங்கள்.

ஃப்யூடெக்ஸ்

லினக்ஸில் இதற்கான கருவியின் பெயர் ஃப்யூடெக்ஸ். ஹூபர்ட்டஸ் ஃபிராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் ஆகியோர் 2002 ஒட்டாவா லினக்ஸ் சிம்போசியத்தில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். 2003 இறுதியில் வந்த 2.6 கெர்னலிலிருந்து எல்லோர் கைக்கும் வந்தது. இன்று நீங்கள் லினக்ஸில் பயன்படுத்தும் பிதிரெட் மியூடெக்ஸின் (சி நிரல்களின் வழக்கமான பூட்டு) அடியில் இருப்பது இதுதான்.

கருவி மிக எளியது. நினைவகத்தில் ஒரு 32 பிட் எண். 64 பிட் இயந்திரத்திலும் 32 பிட்தான், முகவரி 4 பைட் எல்லையில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கெர்னலுக்குத் தெரியாது, அது உங்கள் பாடு. கெர்னல் முக்கியமாக இரண்டு வேலை செய்யும்.

வெயிட்: “இந்த முகவரியில் இன்னும் இந்த மதிப்பு இருந்தால் என்னைத் தூங்க வை.”
வேக்: “இந்த முகவரியில் தூங்குகிறவர்களில் இத்தனை பேரை எழுப்பு.”

வெயிட்டில் உள்ள அந்த ‘இருந்தால்’ இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். திரை பூட்டைப் பார்க்கிறது, யாரோ வைத்திருக்கிறார்கள், தூங்கலாம் என்று முடிவெடுக்கிறது. முடிவெடுத்ததற்கும் தூங்கியதற்கும் நடுவே ஷெட்யூலர் எடையை ஓடவிடுகிறது. எடை பூட்டைத் திறந்து, தூங்குகிறவர்களை எழுப்பு என்கிறது. அந்த நேரம் யாரும் தூங்கவில்லை, எழுப்பல் காற்றில் போகிறது. அதன் பிறகு திரை தூங்கப் போகிறது. அதை எழுப்ப இனி யாரும் வரமாட்டார்கள். ஃப்யூடெக்ஸ் வெயிட் மதிப்பை ஒப்பிடுவதையும் வரிசையில் சேர்ப்பதையும் ஒரே உள்பூட்டின் கீழ் செய்வதால் இந்த இடுக்கு அடைபடுகிறது. மதிப்பு மாறியிருந்தால் தூங்காமல், மறுபடி முயன்று பார் என்ற பிழை எண்ணோடு உடனே திரும்பிவிடும்.

தூங்கப் போகும் முன் நீங்கள் பார்த்த மதிப்பை, பார்த்தது பார்த்தபடி, வெயிட்டிடம் கொடுங்கள். நடுவில் இன்னொரு முறை படித்துப் புதிய மதிப்பைக் கொடுத்தால் அதே இடுக்கை நீங்களே மறுபடி திறந்துவிடுகிறீர்கள்.

மூன்று நிலைப் பூட்டு

0 என்றால் காலி, 1 என்றால் ஆள் இருக்கிறது என்று இரண்டே நிலை வைத்தால் ஒரு சங்கடம். திறக்கும்போது யாராவது தூங்குகிறார்களா என்று தெரியாது, ஒவ்வொரு முறையும் வேக் அழைக்க வேண்டும். சிஸ்டம் காலைத் தவிர்க்கத்தானே வந்தோம்? அதனால் மூன்றாவது நிலை: 2 என்றால் ஆள் இருக்கிறது, வெளியே யாரோ காத்திருக்கவும் கூடும். இதை விளக்கமாக எழுதிவைத்தவர், லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியைப் பராமரித்த உல்ரிச் ட்ரெப்பர். தமிழில் எழுதினால் இப்படி வரும்:

பூட்டு:
  பழையது = ஒப்பிட்டு மாற்று (0 இருந்தால் 1 ஆக்கு)
  பழையது 0 என்றால்: கிடைத்துவிட்டது, திரும்பு
  பழையது 2 இல்லையென்றால்: பழையது = இடமாற்று (2 வை, இருந்ததைக் கொடு)
  பழையது 0 ஆகும் வரை:
    ஃப்யூடெக்ஸ் வெயிட் (2 ஆகவே இருந்தால் தூங்கு)
    பழையது = இடமாற்று (2 வை, இருந்ததைக் கொடு)

திற:
  பழையது = இடமாற்று (0 வை, இருந்ததைக் கொடு)
  பழையது 2 என்றால்: ஃப்யூடெக்ஸ் வேக் (ஒருவரை)

போட்டி இல்லாத பாதையில் பூட்ட ஒரு அட்டாமிக் கட்டளை, திறக்க ஒன்று. கெர்னல் இல்லை.

தூக்கத்திலிருந்து எழுந்தவர் பூட்டைக் கைப்பற்றும்போது 1 போடாமல் 2 போடுவது ஏன் என்று நிதானமாக யோசியுங்கள். மூன்றாவதாக ஒருவர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கலாம். எழுந்தவருக்கு அது தெரியாது. அவர் 1 போட்டால், அவர் திறக்கும்போது வேக் நடக்காது, மூன்றாமவர் அங்கேயே கிடப்பார். 2 போடுவதால் சில சமயம் யாருமே இல்லாத இடத்தில் ஒரு வேக் வீணாகும். அந்த வீண் செலவைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். வெயிட்டைச் சுற்றி லூப் இருப்பதற்கும் காரணம் உண்டு. சிக்னல் வந்தால், மதிப்பு மாறியிருந்தால், சில சமயம் காரணமே இல்லாமல் கூட அது திரும்பும். திரும்பியது என்றால் பூட்டு கிடைத்தது என்று பொருள் இல்லை.

மெமரி வரிசையைப் பற்றி இரண்டு வரி. பூட்டும் கட்டளை ‘அக்வயர்’ (பின்னால் வரும் படிப்பும் எழுத்தும் அதற்கு முன்னால் நகராது), திறக்கும் கட்டளை ‘ரிலீஸ்’ (முன்னால் நடந்தவை அதற்குப் பின்னால் நகராது) ஆக இருக்க வேண்டும். எக்ஸ்86 லேப்டாப்பில் அட்டாமிக் மாற்றுக் கட்டளைகள் எப்படியும் முழுத் தடுப்பாகவே நடந்துகொள்ளும். அதனால் தப்பாக எழுதினாலும் ஓடிவிடும், நான்கு கோர் ஏஆர்எம் போர்டில்தான் வேஷம் கலையும். லேப்டாப்பில் ஓடிற்று என்று யாராவது என்னிடம் வந்தால் போர்டில் போட்டுக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ப்ராசஸ் எல்லையில் மட்டும் வரும் கண்ணிகள்

மேலே உள்ளதெல்லாம் த்ரெட்டுக்கும் பொருந்தும். இனி வருபவை ப்ராசஸ்களுக்கே உரியவை.

முதல் கண்ணி பிரைவேட் கொடி. ஒரே ப்ராசஸுக்குள் மட்டும் பயன்படுத்துகிறேன் என்று சொல்லும் இந்தக் கொடி 2.6.22 கெர்னலில் வந்தது. கொடி இருந்தால் கெர்னல் முகவரியை அந்த ப்ராசஸின் முகவரியாகவே எடுத்துக்கொள்ளும், அது கொஞ்சம் வேகம். கொடி இல்லாவிட்டால் அந்த முகவரிக்குப் பின்னால் உள்ள ஃபைல், அதில் எந்தப் பக்கம் என்று தேடிப் பொதுவான அடையாளம் ஒன்றை உருவாக்கும். அதனால்தான் இரு ப்ராசஸ்களில் ஒரே பக்கம் வெவ்வேறு முகவரியில் விரிந்திருந்தாலும் ஃப்யூடெக்ஸ் ஒன்றாகவே வேலை செய்கிறது. த்ரெட்டுக்காக எழுதிய நிரலை அப்படியே எடுத்து ஷேர்டு மெமரியில் போட்டால் இந்தக் கொடியும் கூடவே வந்துவிடும். அப்போது போட்டி இல்லாதபோது எல்லாம் சரியாக ஓடும். போட்டி வந்தால் ஒருவர் எழுப்புவது மற்றவருக்குக் கேட்காது. டெஸ்ட்டில் தெரியாது, வாடிக்கையாளர் இடத்தில் தெரியும்.

இரண்டாவது, முகவரி வெவ்வேறாக இருக்கும் என்பதால் ஷேர்டு மெமரிக்குள் பாயின்டரைச் சேமிக்காதீர்கள். தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்று வையுங்கள்.

மூன்றாவது, பூட்டு எண்ணையும் அடிக்கடி எழுதப்படும் வேறு தகவலையும் ஒரே கேஷ் லைனில் (சிபியூ நினைவகத்திலிருந்து ஒரே மூச்சில் எடுக்கும் துண்டு) போடாதீர்கள். எங்கள் இரண்டு போர்டிலும் கேஷ் லைன் 64 பைட். தலை எண்ணும் வால் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டு கோர்களும் அந்த ஒரு லைனுக்காக இழுபறி செய்துகொண்டே இருக்கும்.

நான்காவது, யார் தொடங்கிவைப்பது? திரை விழுந்து எழும்போது ஷேர்டு மெமரியைப் புதிதாக அமைத்தால், அந்த நேரம் எடை பூட்டை வைத்திருக்கலாம். பூட்டு அதன் கையிலிருக்கும்போதே 0 ஆகிவிடும். நாங்கள் இரண்டு ப்ராசஸிடமிருந்தும் இந்த வேலையைப் பிடுங்கிவிட்டோம். பூட் ஆகும்போது சிஸ்டம்டி ஒரே ஒரு முறை ஓட்டும் சின்ன நிரல் ஒன்று ஷேர்டு மெமரியை உருவாக்கி, எல்லாவற்றையும் அமைத்து, கடைசியில் ஒரு அடையாள எண்ணை எழுதிவிட்டுப் போய்விடும். மற்ற இரண்டும் அந்த எண்ணையும் கட்டமைப்பின் பதிப்பு எண்ணையும் பார்த்துச் சரியாக இருந்தால் மட்டும் உள்ளே வரும்.

கடைசியாக ஒன்று. இந்த மெமரி, ரேமில் மட்டும் வாழும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் இருக்கட்டும். போர்டின் நிரந்தரச் சேமிப்பான இஎம்எம்சியில் உள்ள ஃபைலை விரித்துப் பூட்டை அதற்குள் வைத்தால், கரண்ட் போய் வந்த பிறகும் யாரோ பூட்டியபடியே இருக்கும்.

வைத்திருப்பவர் செத்தால்

மூன்று நிலைப் பூட்டுக்குச் சாவு தெரியாது. திரை 1 போட்டுவிட்டு விழுந்தால் அந்த 1 அங்கேயே கிடக்கும். எண்ணில் யார் பூட்டினார்கள் என்ற தகவலே இல்லை, கெர்னலுக்கும் தெரியாது. இவ்வளவு நேரத்துக்கு மேல் ஆனால் செத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு உடைத்துவிடலாம் என்று சிலர் எழுதுவார்கள். தயவுசெய்து வேண்டாம். நேரம் கடந்ததற்குச் சாவு மட்டும் காரணமில்லை. டீபக்கரில் நிற்கலாம், ஃபிளாஷில் எழுதப் போய் மாட்டியிருக்கலாம். உயிரோடிருப்பவரின் பூட்டை உடைத்தால் இரண்டு பேர் உள்ளே.

கெர்னலிடமே இதற்கு வழி இருக்கிறது: ரோபஸ்ட் ஃப்யூடெக்ஸ், 2.6.17 கெர்னலில் வந்தது. இதில் பூட்டு எண்ணிலேயே வைத்திருப்பவரின் த்ரெட் ஐடி இருக்கும், மேல் இரண்டு பிட்கள் மட்டும் கொடிகள்: காத்திருப்போர் உண்டு என்று ஒன்று, உரியவர் இறந்தார் என்று ஒன்று. ஒவ்வொரு த்ரெட்டும் தான் வைத்திருக்கும் பூட்டுகளைத் தன் நினைவகத்திலேயே ஒரு சங்கிலிப் பட்டியலாகக் கோத்து, அதன் தலை எங்கே இருக்கிறது என்று கெர்னலிடம் முன்னதாகச் சொல்லி வைக்கும். பூட்டும்போது கெர்னலுக்கு வேலை இல்லை. சாகும்போது, கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றாலும், கெர்னல் அந்தப் பட்டியலில் நடந்து போய், ஐடி ஒத்துப்போகும் ஒவ்வொரு எண்ணிலும் இறந்தார் கொடியைப் போட்டு, காத்திருப்பவரில் ஒருவரை எழுப்பிவிடும். பூட்டைப் பிடித்தாயிற்று, பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை என்ற அந்த நூலிடைவெளியில் செத்தால்? அதற்கும் ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு தனி இடம் பட்டியலின் தலையில் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எழுதியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

இதை நீங்களே எழுத வேண்டாம். மூன்று நிலைப் பூட்டை இவ்வளவு விளக்கியது அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியத்தான். செட்டிங் பட்டியலுக்கு நாங்கள் வைத்திருப்பது பிதிரெட் மியூடெக்ஸ், இரண்டு பண்புகளோடு: ப்ராசஸ் ஷேர்டு, ரோபஸ்ட். முதல் பண்பு பிரைவேட் கொடியை எடுத்துவிடும், இரண்டாவது மேலே சொன்ன ஏற்பாட்டைப் போடும். இரண்டும் தானாக வராது, நீங்கள் கேட்டால்தான் வரும்.

இரு பக்கமும் ஒரே சி லைப்ரரியில், ஒரே பிட் அகலத்தில் இருக்க வேண்டும். எக்ஸ்86 ஜிலிப்சியில் மியூடெக்ஸ் கட்டமைப்பு 64 பிட்டுக்கு 40 பைட், 32 பிட்டுக்கு 24 பைட். ஒன்று ஜிலிப்சி, மற்றது மஸல் என்ற வேறு சி லைப்ரரி என்றாலும் கதை கந்தல்.

இப்போது பூட்டும் அழைப்பு மூன்றாவதாக ஒரு பதில் தரும்: “கிடைத்துவிட்டது, ஆனால் முன்பு வைத்திருந்தவர் இறந்துவிட்டார்.” பூட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் தகவல் பாதி எழுதிய நிலையில் இருக்கலாம். சரிசெய்துவிட்டு, சீராகிவிட்டது என்று மியூடெக்ஸிடம் சொல்லும் தனி அழைப்பைச் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் திறந்தால் அந்த மியூடெக்ஸ் அதற்குப் பிறகு யாருக்கும் கிடைக்காது.

எப்படிச் சரிசெய்வது? லைப்ரரியால் இதைச் செய்ய முடியாது, இது உங்கள் தகவலின் அமைப்பைப் பொறுத்தது. எங்கள் வழி: செட்டிங் பட்டியலுக்கு இரண்டு பிரதிகள், எது செல்லும் என்று சொல்ல ஒரு அட்டாமிக் எண். மாற்றுகிறவர் செல்லாத பிரதியில் முழுதும் எழுதி, செக்சம் போட்டு, கடைசியில் அந்த எண்ணை மட்டும் திருப்புவார். எந்த வரியில் செத்தாலும் எண் காட்டும் பிரதி முழுமையாகவே இருக்கும். அதனால் பழுது பார்க்கும் நிரல் என்று எங்களிடம் ஏதுமில்லை. செக்சம் பார்க்கிறோம், சீராகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறோம். பழுது பார்ப்பதற்கென்று நீளமான நிரல் எழுத வேண்டியிருந்தால் தகவலின் அமைப்பை மறுபடி யோசியுங்கள். அந்த நிரலை எப்போதாவது ஒரு முறைதான் ஓட்டுவீர்கள், அன்றைக்கு அது ஓடாது.

முன்னுரிமை தலைகீழாவது

1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி தானாக ரீசெட் ஆனது. வானிலைத் தகவல் எடுக்கும் குறைந்த முன்னுரிமை வேலை ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. உயர்ந்த முன்னுரிமை கொண்ட பஸ் வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று நடுவே ஓடி, வானிலை வேலையைத் திறக்க விடாமல் செய்தது. காவல் டைமர் பொறுமையிழந்து எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் அந்த மியூடெக்ஸுக்கு முன்னுரிமை வாரிசு வசதியை (காத்திருப்பவரின் உயர்ந்த முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) பூமியிலிருந்து இயக்கிச் சரிசெய்தார்கள்.

லினக்ஸிலும் அந்த வசதி 2.6.18 முதல் இருக்கிறது. மியூடெக்ஸ் பண்பில் கேட்டால் கிடைக்கும், ரோபஸ்ட்டோடு சேர்த்தும் போடலாம். நாங்கள் போட்டிருக்கிறோம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்கவில்லை. எடை ப்ராசஸ் எந்தப் பூட்டுக்காகவும் தூங்காது என்பது எங்கள் வீட்டு விதி. முயன்று பார்க்கும் அழைப்பை மட்டும் செய்யும். கிடைக்காவிட்டால் கையில் உள்ள பழைய செட்டிங்கோடு இந்த பாக்கெட்டை முடித்துவிட்டு அடுத்த சாம்பிளில் மறுபடி முயலும். உரியவர் இறந்தார் என்ற பதில் அந்த அழைப்பிலும் வரும்.

எழுப்பும் மணி

வட்ட வரிசை காலியானால் திரை தூங்க வேண்டும் என்றேனே, அதற்குக் கண்டிஷன் வேரியபிள் போடத்தான் கை போகும். மியூடெக்ஸுக்கு இருப்பது போல் ரோபஸ்ட் பண்பு அதற்குக் கிடையாது. காத்திருக்கும் ப்ராசஸ் செத்தால் அதன் உள்கணக்கு என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அதனால் இந்த ஒரு இடத்தில் மட்டும் ஃப்யூடெக்ஸை நேரடியாகத் தொடுகிறோம். ஜிலிப்சியில் இதற்குத் தனி அழைப்பு இல்லை, பொதுவான சிஸ்கால் வழியாகத்தான் போக வேண்டும்.

இரண்டு எண்கள்: ‘மணி’ என்று ஒரு எண்ணி, ‘தூங்குகிறேன்’ என்று ஒரு கொடி.

திரை:
  ந = மணி
  வரிசையில் ஏதாவது இருந்தால்: எடுத்துக்கொண்டு மேலே போ
  தூங்குகிறேன் = 1
  ஃப்யூடெக்ஸ் வெயிட் (மணி இன்னும் ந ஆக இருந்தால், அதிகபட்சம் 1 செகண்ட்)
  தூங்குகிறேன் = 0
  மறுபடி முதலிலிருந்து

எடை:
  வரிசையில் போடு
  மணியை 1 கூட்டு
  தூங்குகிறேன் 1 என்றால்: ஃப்யூடெக்ஸ் வேக் (ஒருவரை)

வரிசையைப் பார்ப்பதற்கு முன் மணியைப் படிப்பது இதில் உயிர்நாடி. படித்த பிறகு எடை ஏதாவது போட்டால் மணி மாறியிருக்கும், வெயிட் தூங்க மறுக்கும். அடுத்தது, திரை கொடியை எழுதிவிட்டு மணியைப் பார்க்கிறது, எடை மணியை எழுதிவிட்டுக் கொடியைப் பார்க்கிறது. எழுதியது வெளியே தெரிவதற்கு முன்னாலேயே படிப்பு நடந்துவிடுவது எக்ஸ்86 உட்பட எல்லா நவீன சிபியூவிலும் சகஜம். இந்த இடத்தில் அக்வயரும் ரிலீஸும் போதாது. இரு பக்கமும் முழு வரிசை வேண்டும், சி மொழியில் செக்சிஎஸ்டி.

இதில் எந்த வரியில் யார் செத்தாலும் பெரிய நஷ்டமில்லை. திரை தூங்கும்போது செத்தால் கொடி 1 ஆகவே இருக்கும். எடை சில வீண் வேக் செய்யும், திரை எழுந்து வந்ததும் சரியாகும். எடை கூட்டிவிட்டு எழுப்பாமல் செத்தால் 1 செகண்டில் திரை தானே எழும். அந்த 1 செகண்ட் எல்லையை எடுத்துவிடாதீர்கள். எழுந்த சாக்கில் எடை உயிரோடிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறோம். அதற்கு ப்ராசஸ் ஐடியை நம்பாமல், 5.3 கெர்னல் முதல் உள்ள பிடிஎஃப்டியை (ஒரு ப்ராசஸை மட்டுமே குறிக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர்) வைத்துப் பாருங்கள். ஐடி இன்னொருவருக்குப் போயிருக்கலாம்.

சோதிப்பது

சிஸ்டம் கால்களைக் காட்டும் எஸ்ட்ரேஸில் ஃப்யூடெக்ஸ் அழைப்புகளை மட்டும் எண்ணச் சொல்லி சாதாரண ஓட்டத்தைப் பாருங்கள். செட்டிங் பூட்டுக்காக வரும் எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டை அதிக நேரம் வைத்திருக்கிறீர்கள், பூட்டுக்குள் ஃபைல் எழுதுவது போல ஏதாவது நடக்கிறது.

அடுத்து, பூட்டுக்குள் ஒவ்வொரு வரிக்கும் நடுவே ‘இங்கே சாகு’ என்று ஒரு கொக்கி வையுங்கள். எந்தக் கொக்கி என்று வெளியிலிருந்து சொல்லும்படி வைத்து, ஒவ்வொன்றாகக் கொன்று, மற்ற ப்ராசஸ் தொடர்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டி ஒன்று இரவு முழுக்கத் தன் திரையைத் தானே கொன்று எழுப்பிக்கொண்டிருக்கும். காலையில் பாக்கெட் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும்.

த்ரெட்டுகளின் மோதலைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிட்டைசருக்கு ப்ராசஸ் எல்லைக்கு அப்பால் கண் தெரியாது. அதனால் அதே நிரலை ஒரே ப்ராசஸில் இரண்டு த்ரெட்டாக ஓட்டும் ஒரு டெஸ்ட் வைத்திருக்கிறோம், அதில் அது நன்றாகவே பிடிக்கும். டாஸ்க்செட் போட்டு ஒரே கோரில் ஒரு முறை, எல்லாக் கோர்களிலும் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டிலும் வரும் பிழைகள் வேறு வேறு.

வாடிக்கையாளர் இடத்தில் பெட்டி உறைந்து நின்றால் முதலில் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் சிஸ்கால் ஃபைலைப் படியுங்கள். முதல் எண் 64 பிட் எக்ஸ்86ல் 202, 64 பிட் ஏஆர்எம்மில் 98 என்றால் அது ஃப்யூடெக்ஸில் காத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பது முகவரி. அது மேப்ஸ் ஃபைலில் எந்த இடத்துக்குள் விழுகிறது என்று பார்த்தால் எந்தப் பூட்டு என்று தெரியும். ரோபஸ்ட் மியூடெக்ஸ் என்றால் அங்குள்ள எண்ணின் கீழ் 30 பிட்டில் வைத்திருப்பவரின் த்ரெட் ஐடி இருக்கும். அந்த ஐடியின் சிஸ்கால் ஃபைலை அடுத்ததாகத் திறங்கள்.